யார்மீதேனும் குறிவைத்ததுண்டா

பதிமூன்றாவது கேள்வி வரைக்கும் பேனா எங்கேயும் நிற்கவில்லை. பெயர், சந்தனம். தகப்பனார், காலஞ்சென்ற பெரியகருப்பன். வயது ஐம்பத்தேழு. தொழில், ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் ஆயுதக் காவலர். முந்தைய பணி, ராணுவம், பதினெட்டு ஆண்டு. ஆயுதம், ஒற்றைக் குழல் துப்பாக்கி, சொந்தம், உரிமம் நடப்பில் உள்ளது. ஒன்பதாவது கேள்வி, காப்பீடு பெறுபவர் இறந்துபோனால் தொகையை வாங்கிக்கொள்ளும் வாரிசு. ச. நாகஜோதி, உறவு மகள். அம்மா பேரைப் போடலாம் என்றுதான் நான் சொன்னேன். "ஒங்கம்மாவுக்கு பேங்க்ல செலான் எழுதத் தெரியாது, ஒம் பேரையே போடு தாயி" என்று காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அப்பா சொன்னார். என் பெயரை என் கையாலேயே எழுதி, பக்கத்தில் மகள் என்று எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்புறம் பதினான்கு. காப்பீடு கோருபவர் பணியின்போதோ பிற நேரத்திலோ எப்போதாவது எவர்மீதேனும் ஆயுதத்தை நீட்டியதுண்டா, குறிவைத்ததுண்டா, சுட்டதுண்டா. ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். இரண்டும் ஒரே அளவு. ஆம் என்றால் கீழே நான்கு கோடுகள், நாள், இடம், எதிரே இருந்தவர் பெயர், அவர் முன்பே அறிமுகமானவரா, எவ்வகையில். இல்லை என்றால் ஒன்றுமில்லை, நேரே பதினைந்துக்குப் போகலாம். பதினைந்தில் ரத்த வகை. அது எனக்குத் தெரியும், ஓ பாசிட்டிவ், எனக்கும் அதுதான். அதை முதலில் எழுதிவிடலாமா என்று நினைத்தேன். எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பவும் மேலே வந்தால் பதினான்கு அங்கேயேதான் இருந்தது.

வக்கீல் இருதயராஜின் ஆபீஸ் திண்டுக்கல் கோர்ட்டுக்குப் பின்புறம் மாடியில் இருக்கிறது. அவர் கோர்ட்டில் இருக்கிறார், ஒரு மணிக்கு வருவார். குமாஸ்தா அருளானந்து அண்ணன் எதிர் மேஜையில் பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். மணி பதினொன்றே கால். நான் வேலை செய்கிற பள்ளிக்கூட ஆபீசில் அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன், காரணம் குடும்ப வேலை என்று எழுதினேன், அதில் பொய் இல்லை. நான் பொய் எழுதுகிறவள் இல்லை. எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான், ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெருவுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், கேஸ் இணைப்பு, சாதிச் சான்று. எல்லோரும் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் தாளை என்னிடம் தருவார்கள். "படிச்ச புள்ள நெரப்பிக்குவா" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். காலியாக இருக்கிற தாளின் அடியில் ஒரு கையெழுத்து மட்டும் இருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையை என் கையில் கொடுத்த மாதிரி. இன்று காலையிலும் அப்பா அப்படித்தான். கடைசிப் பக்கத்தில், மேலே சொன்ன யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன் என்பதற்குக் கீழே, ராணுவத்தில் கற்றுக்கொண்ட ஆங்கிலக் கையெழுத்தை, சாய்ந்து சாய்ந்து போகிற அதை, போட்டுக் கொடுத்துவிட்டு, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுரு. கேட்டதுக்கு மேல ஒரு வார்த்த எழுதப்படாது. பட்டாளத்துல மொதல்ல சொல்லிக் குடுக்குறதே அதுதான்" என்றார். மேலே யாவும் என்று எதுவுமே அப்போது இல்லை. யாவையும் நான்தான் எழுத வேண்டும், உறுதி மட்டும் அவருடையது.

இதெல்லாம் அப்பாவை வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சி கேட்கிறது. போன மாதம் வரைக்கும் கேட்கவில்லை. வேறு ஏதோ ஊரில், வேறு வண்டியில், ஒரு காவலர் சுட்டு ஒருவர் செத்துப்போனார். திருடவந்தவன்தான் என்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். துப்பாக்கி உன்னுடையது, உரிமம் உன் பெயரில், சுட்டதும் நீ, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அவருடைய ஏஜென்சி ஒதுங்கிவிட்டது. அவருக்கு நாற்பது நாள் வக்கீலே இல்லையாம். ஜெயிலுக்குள்ளே கொசுவத்திகூட இல்லையாம், இதை ஏன் எல்லோரும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பாவின் ஏஜென்சி ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. துப்பாக்கி வைத்திருக்கும் காவலர்கள் ஒன்றாம் தேதிக்குள் இரண்டு தாள் கொண்டுவர வேண்டும். ஏதும் நடந்தால் ஆஜராவேன் என்று ஒரு வக்கீல் கொடுக்கும் கடிதம், அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு. இரண்டும் இல்லாதவருக்கு வண்டியில் இடமில்லை. துப்பாக்கி இல்லாமல் அப்பாவை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். அந்தத் துப்பாக்கிதான் அவருக்குப் படிப்பு, அதுதான் சர்டிபிகேட். அப்பா அதை வாங்கிய வருஷம்தான் நான் பிறந்தேன். அம்மா ஆயுத பூஜைக்கு அதையும் என் டிகிரி ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் ஒரே விரலால் பொட்டு வைப்பாள். ஃபைலில் குங்குமம் படிந்து, போன நேர்முகத்தேர்வில் அந்த அதிகாரி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

டிக். அருளானந்து அண்ணன் பேனாவைத் திறந்தார். டிக். மூடினார். யோசிக்கும்போது அவருக்கு அது பழக்கம் போலிருக்கிறது. அவரிடம் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல முடியாது, ஏன் என்று கேட்பார். அந்தத் துப்பாக்கியில் பின்பக்கம் ஒரு சுத்தி மாதிரி இருக்கும். அதைக் கட்டைவிரலால் இழுத்தால் ஒரு சத்தம் வரும், பெரிய சத்தமெல்லாம் இல்லை, பெட்டிக்கடையில் ஜாடி மூடி திறக்கிற அளவுக்குத்தான். விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வியாழக்கிழமை, ரெட்டியார்சத்திரம் ஏ.டி.எம். வாசலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, எதிரே லாரி போய்க்கொண்டிருந்தபோதும் எனக்கு அது கேட்டது. அன்றைக்கு அப்பா கண்ணாடியை மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். டிவி மேல் அதன் கறுப்புப் பெட்டி இருந்தது. எனக்கு அன்று விடுமுறை. பாவம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாரே என்று ஸ்கூட்டியை எடுத்தேன். வெயிலுக்கு எல்லாப் பெண்களும் செய்கிற மாதிரி துப்பட்டாவை முகத்தைச் சுற்றி, மூக்குக்கு மேல் ஏற்றி, பின்னால் முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட். கண் மட்டும்தான் வெளியே. வேகமாகத்தான் போனேன், அடுத்த இடத்துக்கு வண்டி கிளம்பிவிடக் கூடாதே என்று. வண்டி வாசலை ஒட்டி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. பணப்பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் போய் பிரேக் அடித்தேன், ஏனென்றால் அங்கேதான் அப்பா நின்றார். இடது கையை பைக்குள் விட்டேன், ஏனென்றால் அங்கேதான் கண்ணாடி இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் முதலில் ஓட்டைதான் தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம், உள்ளே கறுப்பு. அதற்குப் பின்னால் அப்பா. அவர் முகம் மாதிரி இல்லை. அவருக்கு அப்பாவாக இல்லாத ஒரு முகம் இருக்கிறது என்று இருபத்திமூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. அப்பா என்று ஒரு சொல், மூன்றே எழுத்து, அது எனக்கு வரவில்லை. டிரைவர் சேவியர் அண்ணன்தான் எங்கள் ஸ்கூட்டி நம்பரைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அண்ணே, நம்ம பாப்பாண்ணே. நம்ம ஜோதிண்ணே."

துப்பாக்கிக் குழல் உடனே இறங்கவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சேவியர் அண்ணன் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது. அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார் என்று பிறகு புரிந்தது. கண்ணைச் சுருக்கி, துணிக்குள்ளே, ஹெல்மெட்டுக்குள்ளே எங்கே என்று தேடினார். நான் துப்பட்டாவைக் கீழே இழுத்தேன். அப்புறம்தான் இறங்கியது. சேவியர் அண்ணன் எல்லோரையும் சிரிக்க வைக்கப் பார்த்தார். "எங்கண்ணன் பதினெட்டு வருஷம் பட்டாளத்துல சுட்டதெல்லாம் பூரியும் சப்பாத்தியும்தான், நீ பயப்படாத பாப்பா." அது உண்மை, அப்பா அங்கே சமையல்கூடத்தில்தான் இருந்தார். பெட்டி தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன். கண்ணாடிப் பெட்டியை நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. "வீட்டுல வையி" என்றார். வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடும்போது ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "இனிமே மூஞ்சிய மூடிட்டு வராத" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். நான் மூடுவதில்லை. கன்னம் கறுத்துவிட்டது. அம்மா மஞ்சள் தேய்க்கச் சொல்கிறாள். குளியலறையிலிருந்து வரும்போது, சமையல்கட்டிலிருந்து வரும்போது, அப்பா திண்டில் சாய்ந்திருந்தால் நான் முதலில் தொண்டையைச் செருமுகிறேன். அவர் சொல்லவில்லை, நானாகவே செய்கிறேன். நான் செருமியதும் அவர் வேறு பக்கம் பார்க்கிறார்.

இருதயராஜ் சார் போன வாரம் நாங்கள் இருவரும் வந்தபோது தற்காப்பைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்று நம்புகிறவனுக்குத் திருப்பித் தாக்கும் உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் கூடாது. "சுட்டவரு பயந்தாருன்னு சொன்னாப் பத்தாது. அந்த எடத்துல யாரு நின்னாலும் பயந்திருப்பாங்கன்னு நாம காட்டணும்." அப்பா விறைப்பாக உட்கார்ந்து சரிங்கய்யா சரிங்கய்யா என்றார். அன்றிலிருந்து, அப்பா சுட்டிருந்தால் வந்திருக்கும் அந்த வழக்கு எனக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் படிவங்களை அகரவரிசையில் அடுக்கும்போது, ஞ வரிசைக்கும் த வரிசைக்கும் நடுவில் திடீரென்று விசாரணை ஆரம்பித்துவிடும். இறந்தவர் முகத்தை முழுவதும் மூடியிருந்தார், ஆம். இறந்தவர் வேகமாக வந்தார், ஆம். பணப்பெட்டி இறங்குகிற நேரம் பார்த்து, வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினார், ஆம். கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டாரா. கூப்பிட்டிருப்பார், ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கேட்டிருக்காது. பையிலிருந்து கறுப்பாக ஒரு பொருளை உருவினார், ஆம். அந்தப் பொருள் பிறகு மூக்குக் கண்ணாடிப் பெட்டி என்று தெரியவந்தது, அது சான்றுப் பொருள், அதற்கு ஒரு எண் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் பயந்திருப்பார்களா. பயந்திருப்பார்கள். நான் நின்றிருந்தாலும் பயந்திருப்பேன். எத்தனை முறை நடத்தினாலும் தீர்ப்பு ஒன்றுதான். அப்பா நிரபராதி. ஒவ்வொரு முறையும் எனக்கு எதிராக நானே பேசி நானே ஜெயிக்கிறேன். ஜெயித்துவிட்டு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவருகிறேன், அம்மா கதவைத் திறக்கிறாள், அந்த வீட்டுக்குள் அவர் நுழைகிற இடத்தில் என்னால் மேலே யோசிக்க முடியவில்லை. அங்கே எப்போதும் பஸ் நின்றுவிடுகிறது, அல்லது யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

"என்னம்மா, ஒரு பக்கத்துலயே உக்காந்திருக்க" என்றார் அருளானந்து அண்ணன். "பதினாலு" என்றேன். அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் சட்டையில் பசை வாசனை. "இது எல்லாருக்கும் இல்லைதான். போட்டுட்டுப் போம்மா." "ஆம்னு போட்டா என்னண்ணே ஆகும்?" "ஆம்னு யாரு போடுவா. போட்டா கம்பெனி வேண்டாம்னுரும், இல்ல டாக்டர்கிட்ட போ, அங்க போ இங்க போன்னு இழுத்தடிக்கும். ஒன்னாந் தேதிக்குள்ள ஆகாது." "இல்லைன்னு போட்டுட்டு, பின்னால தெரிஞ்சா?" அவர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினார். முக்கிய விவரத்தை மறைத்திருந்தால் காப்பீடு தொடக்கம் முதலே செல்லாது. "அப்பத்தான் கைய விரிப்பான். வேணுங்கிற அன்னைக்கு இருக்காது. ஆனா பின்னால யாரு வந்து சொல்லப்போறா. கூட இருந்தவன் சொன்னாத்தான்." சேவியர் அண்ணன் இருந்தார். பெட்டி தூக்குகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், சிரித்தார்கள். கோர்ட்டில் கூண்டில் ஏறினால் சிரிக்க மாட்டார்கள். இதற்கு முன் இவர் யாரையாவது குறிவைத்தாரா என்று கேட்டால் சொல்வார்கள். டிக். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். "ஏன், அப்பா யாரையும் வெரட்டினாரா?" என்றார் அங்கிருந்து, சும்மா, கட்டைப் பார்த்தபடி. "இல்லண்ணே" என்றேன். விரட்டவில்லை. அதுவும் பொய் இல்லை.

ஆனால் பதினொன்றாவது கேள்வியில் ஏற்கெனவே ஒன்று செய்திருக்கிறேன். பார்வைக் குறைபாடு உண்டா. கண்ணாடி அணிபவர் என்று எழுதினேன். கண்ணாடி இருக்கிறது, ஆனால் அணிபவர் இல்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அவர் மறந்து போகவில்லை, தினமும் வேண்டுமென்றே டிவி மேல் வைத்துவிட்டுப் போகிறார். கண்ணாடி போட்டவர்களைச் சூப்பர்வைசர் எடுத்துவிடுவார் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடியாலும் பெரிய பிரயோஜனமில்லை, இடது கண்ணில் புரை, அறுவை செய்தால் ஒரு மாதம் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது, ஒரு மாதத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். உரிமம் புதுப்பிக்க உடல்தகுதிச் சான்று கொடுத்த டாக்டர் இவர் கண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பட்டாளத்துக்காரர் என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்படி எல்லோரும் அவரவர் தாளில் அவரவர் கையெழுத்தைப் போட்டு, அதெல்லாம் சேர்ந்துதான் அன்றைக்கு அந்த வட்டத்துக்குப் பின்னால் நின்றது. அதில் என் கையெழுத்து இல்லை, இன்று வரைக்கும் இல்லை. போன தேர்தலின்போது எல்லாத் துப்பாக்கிகளையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். இவருக்கு விலக்கு வாங்க ஏஜென்சி மறந்துவிட்டது. ஒரு மாதம் அப்பா வீட்டில் இருந்தார். பூரி சுட்டார். துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியில் எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது. அந்த மாதம் நாங்கள் மூன்று பேரும் பகலில்கூடத் தூங்கினோம். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். அந்த மாதக் கடைசியில் அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கேட்டதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

அருளானந்து அண்ணன் இன்னொரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். வக்காலத்து. இதிலும் அப்பாவின் கையெழுத்து கீழே இருக்கிறது, போன வாரமே போட்டது. "வழக்கு நம்பர், எதிர்த்தரப்பு, இறந்தவரு பேரு, அதெல்லாம் காலியா கெடக்கட்டும். வந்தா நெரப்பிக்கலாம்." வந்தா என்று மழையைச் சொல்கிற மாதிரி சொன்னார். கோடு போட்டு விட்டிருந்த அந்த இடத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவர் பெயருக்காக இடம் விட்டிருக்கிறது. அந்த ஒருவர் இப்போது எங்கேயோ இருக்கிறார். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கும் யாராவது ஒரு பொருளை மறந்துவிட்டுப் போயிருப்பார்கள், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவசரப்படுவார். நான் இன்று பதினான்கில் இல்லை என்று ஒரு கோடு போட்டால் அந்த ஒருவர் மேலும் ஒரு அடி கிட்டே வருவார். கிட்டே வரட்டும், யாரோதானே, என்று நினைக்கப் பார்த்தேன். நினைக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே முகம் வரும்போதெல்லாம் ஹெல்மெட்டும் துப்பட்டாவுமாகத்தான் வருகிறது. அந்தத் துப்பட்டா கத்திரிப்பூ நிறம், ஓரத்தில் வெள்ளை ஜரிகை, பள்ளிக்கூடத்தில் முதல் சம்பளத்தில் எடுத்தது. இப்போது அலமாரியில் அடியில் கிடக்கிறது.

போன் அடித்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. வண்டி சாப்பாட்டுக்கு நிற்கிற நேரம். "தாயி." பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம், யாரோ தட்டு கழுவுகிற சத்தம். "எழுதிட்டியா?" "எழுதிக்கிட்டே இருக்கேம்ப்பா." "வக்கீல் வந்தாரா?" "ஒரு மணிக்கு வருவாரு." "எல்லாம் இல்லைன்னு போட்டுட்டேல்ல?" நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "அப்பா, பதினாலாவதுல ஒன்னு கேட்டிருக்கான். யார் மேலயாவது துப்பாக்கிய நீட்டினதுண்டா, குறி வச்சதுண்டான்னு." மறுபக்கம் தட்டு கழுவுகிற சத்தம் மட்டும். போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சேவியர் அண்ணன் தூரத்தில், "அண்ணே, மோர் ஊத்திக்கல?" என்றார். "இல்லைன்னு போட்டா பின்னாடி செல்லாதாம்ப்பா. ஆம்னு போட்டா இப்பவே வேண்டாம்னுருவானாம்." "ம்." "என்னப்பா போட?" அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்த வியாழக்கிழமையும் இப்படித்தான், சேவியர் அண்ணன் சொன்ன பிறகும் இறங்காமல். அப்புறம், "அந்தக் கண்ணாடி ஒங்கிட்ட இருக்கா?" என்றார். அது அன்றிலிருந்து என் பையில்தான் இருக்கிறது. வீட்டில் வைக்கச் சொன்னார், நான் வைக்கவில்லை, அவரும் டிவி மேல் தேடவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இருக்குப்பா." "சாயங்காலம் குடு." இன்ஜின் சத்தம் பெரிதானது. "வண்டி கெளம்புது. நீ சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன போட என்று அவர் சொல்லவில்லை. கண்ணாடி கேட்டதையே பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா. நான் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேனா. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு நாள். அப்புறம் ஒரு மாதம். அம்மா பக்கத்து வீட்டுச் சுவரருகே போய் நிற்பாள், கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு. இடத்துக்கு வேறு ஆள் வருவான். வராமலும் போகலாம். வருவான்.

ஆம் என்ற கட்டத்துக்குள் ஒரு சிறிய கோடு போட்டேன். கோணலாகப் போயிற்று. நாள், எழுதினேன். இடம், ரெட்டியார்சத்திரம், ஏ.டி.எம். வாசல், பகல் பன்னிரண்டு மணி. எதிரே இருந்தவர் பெயர். என் பெயரை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், ஹால் டிக்கெட்டில், வருகைப் பதிவில், மற்றவர்கள் படிவத்தில் சாட்சியாக. ச என்று போட்டுப் புள்ளி வைத்தேன். அந்த ச அப்பாவின் பெயர். அவர் பெயரின் முதல் எழுத்தில்லாமல் அந்த இடத்தில்கூட என் பெயரை எழுத முடியவில்லை. அப்படியே பதினொன்றுக்குப் போய், அணிபவர் என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, இடது கண்ணில் புரை, பணியில் கண்ணாடி அணிவதில்லை என்று எழுதினேன். பக்கத்தில் அப்பாவின் சுருக்கொப்பம் வேண்டியிருக்கும், சாயங்காலம் கண்ணாடியோடு சேர்த்து அதையும் வாங்க வேண்டும், அப்போது அவர் இதைப் படிப்பார், கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார், படித்துவிட்டு ஒருவேளை என்னை நிமிர்ந்து பார்ப்பார். முதலில் தொண்டையைச் செரும வேண்டும்.

படிவத்தை அருளானந்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, பேனா முனையால் வரிவரியாக இறங்கினார். ஒன்பதில் ஒருமுறை நின்றார், பதினான்கில் நின்றார், திரும்பவும் ஒன்பதுக்குப் போனார். "எடம் மாத்தி எழுதிட்டியேம்மா. வாரிசு பேரு மேலதான். அதையே கீழயும் போட்டிருக்க. குறி வச்ச ஆளு பேரு கேட்டிருக்கான் இங்க." "தெரியும்ண்ணே." "அடிச்சிட்டு சரியாப் போடு." "சரியாத்தான் போட்டிருக்கேன்." அவர் என்னைப் பார்த்தார். தன் கண்ணாடிக்கு மேலாக, என் நெற்றியில், கன்னத்தில், எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். இரண்டு மாதத்தில் ஒருவர் என்னை இப்படி நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, குரலை இறக்கி, "கடைசிக் கோடு விட்டுப்போச்சு பாரும்மா" என்று படிவத்தை என் பக்கம் திருப்பினார். அவர் முன்பே அறிமுகமானவரா, எவ்வகையில். என் பேனா பைக்குள் போய்விட்டிருந்தது. அவர் தன்னுடையதை நீட்டினார். டிக். மேலே எழுதிய அதே சொல்லை, அதே கையெழுத்தில், கீழேயும் எழுதினேன். மகள்.